நான்கு ஒயர்கள்

பழைய வண்டி வாங்குபவர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. மனைவி ஆதிரை இறந்து எட்டு மாதமாக அவளுடைய கார் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. புது பேட்டரி போட்டும் கிளம்பவில்லை. அவர் வருவதற்குள் கிளம்பிவிட்டால் விற்கப் போவதில்லை என்று அவள் தங்கை மேகலாவிடம் சொல்லியிருந்தேன். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுவதற்காக நான்கு ஒயர்களையும் ஒரே நேரத்தில் பிடுங்கிவிட்டேன். புது பிளக்குகளை முடுக்கிய பிறகுதான், எந்த ஒயர் எதற்கு என்று தெரியாமல் விழித்தேன்.

“எம்.எஸ்சி. பிசிக்ஸ்னு வெளியில சொல்லிடாதீங்க மாமா,” என்றபடி மேகலா ஒயர்களில் படிந்திருந்த அழுக்கைத் துடைத்தாள். அழுக்குக்கு அடியில் அடர்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்றில் ஒரு புள்ளி, மற்றவற்றில் இரண்டு, மூன்று, நான்கு.

“அடிப்பாவி! இது என் நெயில் பாலிஷ். காணோம்னு அக்காவும் என்னோட சேர்ந்து கட்டிலுக்கு அடியிலகூட தேடினா மாமா!”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. புள்ளிகளின் வரிசைப்படி ஒயர்களை மாட்டிச் சாவியைத் திருகினேன். கார் இருமியது, குலுங்கியது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

வாசலை அடைத்துக்கொண்டு வண்டி வாங்குபவரின் லாரி வந்து நின்றது. மேகலா முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“லாரிய எடுக்கச் சொல்லுங்க மாமா. நம்ம வண்டி வெளியில போகணும்.”