மூன்றாவது தீர்ப்பு

ரிவர்ஸ் எடுத்தபோது நூஃபாவின் காலில் காரை ஏற்றிவிட்டான் தியாப். வேண்டுமென்று செய்யவில்லை என்று கிரிமினல் கோர்ட் விட்டுவிட்டது. சிவில் கோர்ட் சொன்ன நஷ்டஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டிவிட்டது.

ஆனால் ஜோர்தானில், அடிபட்டவளின் குலத்தார் மன்னித்தால்தானே வழக்கு முடியும்? சமாதானம் பேச வந்த வெளியூர் ஷேக், நூஃபாவின் அண்ணனான ஹாயில் என்பவன் வைத்த காபியைத் தொடவே இல்லை. தியாப் தலைகுனிந்து நின்றான். பேச்சு முடியும்வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது.

"மன்னிச்சேன்னு சொல்லுப்பா, குடிக்கிறேன்."

"மன்னிச்சேன் ஷேக். ஆனா ஒரு வருஷத்துக்கு இவன் நூஃபா இருக்கிற தெருவுலயே கால் வைக்கக் கூடாது."

"நியாயந்தானே!" ஷேக் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இனி நீ பேசலாம், தம்பி" என்றார்.

"நான் எங்க போவேன் ஷேக்? இது என் வீடு! அவ என் பொண்டாட்டி!"

உள்ளேயிருந்து நொண்டிக்கொண்டே வந்த நூஃபா ஒரு பெட்டியை நீட்டினாள்.

"நேத்தே கட்டி வச்சுட்டேங்க."