சிவப்பு தெரியாத கண்கள்

பார்வை போன கணவன் தனசேகரனுக்குச் செயற்கைக் கண்கள் வாங்கும் முன் பூங்கோதை நூறு பேருடைய கருத்தையாவது படித்திருப்பாள். விற்பவன் முகம் தெரியாதவன். ஆஸ்பத்திரி விலையில் கால்வாசிதான் கேட்டான். எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அப்படியும் மனசு கேட்காமல், 'நம்பி வாங்கலாமா?' என்று கேட்டாள். சேலத்துக்காரி ஒருத்தி, 'நம்பி வாங்கலாம்' என்று பதில் போட்டாள்.

கண்களைப் பொருத்தியதும், நான்கு வருஷம் கழித்து அவள் முகத்தைப் பார்த்து அவன் அழுதான். பனியன் கம்பெனியில் மறுபடி மிஷினில் உட்கார்ந்தான். ஆனால் சிவப்பு மட்டும் தெரியவில்லை. சிவப்புத் துணிக்குப் பச்சை நூல் கோத்துத் திட்டு வாங்கி வந்தான். பூங்கோதைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. 'யாரோ போட்டுக் கழித்த கண்ணைப் புதுசு என்று விற்கிறார்கள்' என்று எழுதி, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் கை தட்டுக்கு வெளியே துழாவியது.

"ஏம்புள்ள, கரண்டு போயிருச்சா?"

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் வெயில் கொளுத்தியது.

போனில் செய்தி வந்திருந்தது: 'தங்கள் கருத்து எங்களை வருத்தியது. திருத்தியதும் பார்வை தொடரும்.'

ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தி, 'அருமையான கண்கள்' என்று எழுதினாள்.

"வந்துருச்சு புள்ள!" என்று சிரித்தான்.

அவள் எழுதியதன் கீழேயே யாரோ ஒருத்தி கேட்டிருந்தாள்: 'அக்கா, எம் பொண்ணுக்கு வாங்கணும். நம்பி வாங்கலாமா?'

அந்தச் சேலத்துக்காரியின் வீட்டில் அன்றைக்கு யாருக்கு இருட்டியிருந்ததோ. பூங்கோதை கணவனைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'நம்பி வாங்கலாம்' என்று எழுதினாள்.