சில்வியா விலைபோகாத நாள்

"இடிச்ச வண்டிங்க இது," என்றார் முனேயோஷி.

சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து விலை மதிக்க வந்திருந்த அகுட்சு, காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பெயின்ட்டின் கனம் பார்க்கும் கருவியை அங்கே இங்கே வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"எப்போங்க ஐயா?"

"ரெண்டாயிரத்து மூணுல. இடது பக்கம். வெட்டி ஒட்டினது."

பொய். அந்த நீல சில்வியா காரில் நகம் பட்ட கீறல்கூடக் கிடையாது.

தொண்ணூற்றொன்பதில், இரண்டு கதவு வைத்த அந்தக் காரை இருபத்துநான்கு லட்சம் யென் கொடுத்து வாங்கினார். இன்றுவரை ஓடியது எட்டாயிரம் கிலோமீட்டர். அதில் பாதி எஃப்.சி.க்குப் போய் வந்தது. தூறல் போட்டால் வெளியே எடுக்க மாட்டார். செருப்போடு உள்ளே கால் வைக்க விடமாட்டார். மனைவி சுமியேகூட இத்தனை வருஷத்தில் இரண்டே தடவைதான் ஏறியிருக்கிறாள். இரண்டு தடவையும் வெறும் காலுறையோடு, செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு.

இருபத்தைந்து வயது நிறைந்த காரென்றால் அமெரிக்காவில் கெடுபிடி இல்லாமல் உள்ளே விட்டுவிடுவார்களாம். இந்த வருஷம் சில்வியாவுக்கு வயது நிறைந்தது. அவ்வளவுதான், கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடு மாதிரி தரகர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

விலை நிலவரம் பார்ப்பது சுமியேயின் வேலை. வெங்காயத்தாளைக் கட்டுக் கட்டிப் போட்டுவிட்டு, மண் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுப்பாள். "இன்னைக்கு எண்பத்தெட்டு லட்சம்" என்பாள். அடுத்த வாரம் "தொண்ணூறு."

"யென் கீழே கிடக்கிற வரைக்கும்தாங்க இந்த விலை. அது எழுந்து உக்காந்துச்சுன்னா அமெரிக்காக்காரன் திரும்பிப் பாக்க மாட்டான். இப்பவே தள்ளிவிட்டுட்டு, சமையக்கட்டுக் கூரையை மாத்துவோம்."

குன்மா மலையடிவாரத்தில் மார்கழிக் காற்றையும் பெண்டாட்டி பேச்சையும் எதிர்த்து நடந்தவன் கிடையாது. முனேயோஷியும் எதிர்த்து நடக்கவில்லை. பாவம், மனுஷன் மூன்று இரவு தூங்காமல் யோசித்தார். காரைக் காப்பாற்ற ஒரே வழிதான் தெரிந்தது: அதன் பேரைக் கெடுப்பது.

சொந்தப் பொருளுக்கு இல்லாத குறையை எவன் சொல்லுவான்? அகுட்சு மறுபேச்சுப் பேசவில்லை. உடையவரே விபத்து என்று சொன்னபின் எழுதித்தான் ஆகவேண்டும். படிவத்தில் மதிப்பெண் போடவேண்டிய கட்டத்தில் 'விபத்து' என்று எழுதினார்.

"தொண்ணூறு சொல்லலாம்னு வந்தேங்க. இப்ப இருபத்தஞ்சு. அதுவும் உள்ளூர்ல யாராவது எடுத்தாத்தான்."

முனேயோஷி முகத்தை இழவு வீட்டு முகமாக வைத்துக்கொண்டார். உள்ளே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

தேநீர்த் தட்டோடு நின்ற சுமியே தட்டைக் கீழே வைத்தாள். அகுட்சுவை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். காற்றுக்குக் குரலை உயர்த்தி இரண்டு பேரும் என்னவோ பேசினார்கள். அவர் வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் வணக்கமாகக் குனிந்தே நின்றாள்.

பிறகு திரும்பி வந்தாள்.

"இருபத்தஞ்சு வருஷம் துடைச்சதுக்கு ஒரு லட்சம் லாபம். வருஷத்துக்கு நாலாயிரம். என் கோழி இதைவிட நல்லா சம்பாதிக்குது."

முனேயோஷி தலையைக் குனிந்துகொண்டார்.

"விக்க வேணாம், விடுங்க."

அவருக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது. அதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"இடிச்ச வண்டியை இனி என்னத்துக்குப் பொத்திப் பொத்தி வைக்கணும்? நம்ம குட்டி லாரிக்கு எஃப்.சி. தீந்துபோயி நாலு நாளாச்சு, ரோட்டுல எடுக்க முடியாது. கூட்டுறவுச் சங்கத்துல பன்னெண்டு மணி வரைக்கும்தான் சரக்கு எடுப்பாங்க. பின் சீட்டை மடக்குங்க."

வருஷக் கடைசி. டோக்கியோவுக்கு அன்பளிப்பாகப் போகிற வெங்காயத்தாள், வயல் மண்ணோடு போனால்தான் அதற்கு மரியாதை.

உண்மையைச் சொன்னால் கார் நாளைக்கே கப்பல் ஏறிவிடும். சொல்லாவிட்டால் மண்.

முனேயோஷி பின் சீட்டை மடக்கினார்.

முப்பது கட்டு ஏறியது. பச்சைத் தாள்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீண்டு, கியர் கம்பியில் உரசின. சுமியே ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை. சேறு அப்பிய காலோடு தொப்பென்று உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். அவர் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டைப் பாருங்க," என்றாள்.

கார் ஆற்றுப் பாலம்வரை மாட்டுவண்டி வேகத்தில் போனது. குலுங்கும்போதெல்லாம் பொலபொலவென்று மண் உதிர்ந்தது. ஒவ்வொரு உதிர்வுக்கும் அவர் பல்லைக் கடித்தார்.

பாலம் தாண்டியதும் சுமியே ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"இவ்வளவு சுத்தமான சில்வியாவை அந்த அகுட்சு தன் சர்வீஸ்லயே பாத்ததில்லையாம். அது இடிச்ச வண்டியே இல்லம்மா, ஐயாகிட்ட பேசுங்க, தொண்ணூத்தஞ்சுக்குக்கூட எடுத்துக்கறேன்னு கெஞ்சினாரு. பேசறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டேன்."

முனேயோஷிக்குக் காது மடல் சுட்டது.

முன்னால் நேர்ச்சாலை, ஆள் அரவமே இல்லை.

"இப்படி உருட்டறதுக்கா இதை வாங்கினீங்க?" என்றாள் சுமியே. "மிதிங்க."