பாலைவனத்தில் சிந்தாத தண்ணீர்

ஓக்லாண்டில் என் வீட்டுக் கார் ஷெட்டின் தகரக் கதவில் ஜூலை வெயில் காய்கிறது. அடுத்த மாதத்துப் பாலைவனக் கலைவிழாவுக்கு என்னென்ன கொண்டுபோவது என்று நண்பர்கள் மூவரும் பட்டியல் போடுகிறோம். டெஸ்மண்ட் கூடாரத் துணியை உதற, போன வருஷத்துப் புழுதி நாக்கில் சுண்ணாம்பாகப் படிகிறது. துணிக்கு அடியில் நீலப் பீப்பாய். விழாவில் பாலைவன மண்ணில் ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்பது விதி என்பதால், போன வருஷம் பாத்திரம் கழுவிய தண்ணீரையெல்லாம் மூடித் திரும்பக் கொண்டுவந்தோம். அதை யாரும் கொட்டவில்லை. அவன் மூடியைத் திருகுகிறான். பத்து மாத நாற்றம் ஷெட்டை நிறைக்கிறது. பச்சைப் பாசியில் ஒரு நூடுல்ஸ் இழை மிதக்கிறது. "உவ்வே! மூடித் தொலைடா!" என்று லோரெல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறாள். "நான் கொட்டிடுறேன்னு நீதானே சொன்ன?" என்கிறேன் டெஸ்மண்டிடம். "பாலைவனத்துல ஒரு சொட்டு விட்டோமா? அதைச் சொல்லு மொதல்ல!" என்று அவன் நெஞ்சை நிமிர்த்துகிறான். பீப்பாயை உருட்டிப்போய்த் தெருவோர மழைநீர்க் கால்வாயில் கவிழ்க்கிறான். எதிர்வீட்டுச் சன்னல் படாரென்று மூடிக்கொள்கிறது. கால்வாய் விளிம்பில் 'கொட்டாதீர், இது கடலுக்குப் போகிறது' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வரைந்திருக்கும் மீனின் கண்ணில் நூடுல்ஸ் ஒட்டிக்கொள்கிறது. "சுத்தமாயிடுச்சு. பட்டியல்ல அடுத்து என்ன?" என்று கையைத் துடைக்கிறான். பட்டியலை எடுத்து வாசிக்கிறேன்: "பீப்பாய், ஒண்ணு."