பந்திக்கு நேரமாச்சு

சவரிமுத்துவின் பெருங்குடலில் கிரோன் நோய் புண்ணாய்ப் பரவியிருந்தது. புண்ணான துண்டை மட்டும் வெட்டலாம், ஆனால் நோய் திரும்பி வரலாம். பெருங்குடலையும் மலக்குடலையும் முழுதாய் எடுத்தால் அந்தப் பயம் குறையும், ஆனால் மலம் சேர ஆயுளுக்கும் வயிற்றில் பை தொங்கும். எதுவென்று முடிவுசெய்ய ஆஸ்பத்திரி அவர் போனில் இரண்டு குரல்களைக் கொடுத்தது. இரண்டும் பத்து வருஷம் மூத்த அவரே. ஒருவர் துண்டை வெட்டிக்கொண்டவர், மற்றவர் பை வைத்துக்கொண்டவர்.

முடிவைச் சொன்னதும் இரண்டு குரலும் நின்றுவிடும். அதனால்தான் மனுஷன் ரத்தப்போக்கோடு தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கக்கூசுக்கு ஓடவேண்டுமே என்று கல்யாணம் காட்சியெல்லாம் விட்டவர். பாவம், "சாப்ட்டியால?" என்று கேட்க அந்த வீட்டில் வேறு யார்?

அன்று முதல் குரல், "நோய் திரும்ப வந்துட்டுல. மறுபடியும் வெட்டணுங்காவ," என்றது.

அடுத்ததைக் கூப்பிட்டார். பின்னால் ஒரே பேண்டு சத்தம்.

"எங்கல இருக்க?"

"நம்ம தங்கச்சி மவ கல்யாணம்."

"பையோடயா?"

"பின்ன, கழத்தி வீட்டுலயா வச்சிட்டு வருவாவ? வேட்டிக்குள்ள கெடக்கு, யாருக்குத் தெரியும்?"

"கொஞ்சம் பேசிட்டுப் போயேன்ல."

"உன்கூடப் பேசிப் பேசி பாயாசம் ஆறிப்போச்சு. எனக்கு எல போட்டுக் காத்துக்கிட்டு இருக்காவ. வைல."

குரல் வைத்துவிட்டது. சவரிமுத்து வெகுநேரம் போனையே பார்த்தார். அழைப்பு திரும்ப வரவில்லை. பிறகு ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, "பையே வச்சிருங்க," என்றார்.

"ஆபரேஷனுக்குக் கூட யார் வருவா சார்?" என்று அங்கே ஒரு பெண் கேட்டாள்.

"இப்போதைக்கு ஒருத்தரும் இல்லம்மா."