மல்லியிலை நீட்டிய கை

கனடாவின் ஸ்காபரோ பிளாசாவிலுள்ள செல்லப்பிராணிக் கடையின் கண்ணாடிக்கு வெளியே, சூடில்லாத மாசி வெயிலில், ஒரு கூட்டம் பதாகைகளோடு நிற்கிறது. உயிர்களை விற்காதே என்று அவர்கள் ஆங்கிலத்தில் கத்தும்போதெல்லாம் உள்ளே கிளிகள் கம்பியில் மோதி இறகு உதிர்க்கின்றன. கூண்டு கழுவும் இந்துமதி மூலைக் கூண்டின் முன் குந்தியிருக்கிறாள். வந்த நாள் முதல் எதையும் தொடாத சாம்பல் முயல், அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மல்லியிலையை இப்போதுதான் மெல்லக் கடிக்கிறது. "சாப்பிடு குஞ்சு" என்றபடி நிமிர்ந்தவள், கூட்டத்தில் தன் மகள் ஆரணியைக் காண்கிறாள். மகள் தூக்கிப் பிடித்திருக்கும் பதாகை முழுக்க இதே முயல். "பாவம் பிள்ளை, ஒண்டும் சாப்பிடுதில்லை" என்று எழுதி இந்துமதியே அவளுக்கு அனுப்பிய படம். மேலே சிவப்பு எழுத்தில், கொடுமை. படத்தின் ஓரத்தில் இலை நீட்டும் ஒரு கை, மணிக்கட்டில் கோயிலில் கட்டிய மஞ்சள் நூல். கடைக்காரர் தவராசா பின்னால் வந்து நிற்கிறார். "உது எங்கட கடைக்குள்ள எடுத்த படம் எல்லே? ஆர் எடுத்தது, தங்கச்சி?" "தெரியேல்லை அண்ணை" என்கிறாள் இந்துமதி. வெளியே ஆரணி தாயைக் கண்டுவிடுகிறாள். அவள் கத்தல் நின்றுபோகிறது. பதாகை மட்டும் இறங்கவில்லை. இந்துமதி நூல் கட்டிய கையை மெல்ல இழுத்து ஏப்ரனுக்குள் ஒளிக்கிறாள். பாதி தின்ற இலையை விட்டுவிட்டு, முயல் கம்பிகளுக்கிடையே மூக்கை நுழைத்து, அந்தக் கை மறைந்த பக்கமாக மோந்து மோந்து தேடுகிறது. தவராசாவின் பார்வை பதாகையிலுள்ள கையிலிருந்து முயலுக்கும், முயல் தேடும் ஏப்ரனுக்கும் நகர்கிறது.