தடைபடாத பேச்சு

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில், அரசாங்கத்தின் மலிவு விலை இணையத்துக்கு முதல் ஆளாகப் பதிந்தவள் நாகஜோதி. இணைப்புக் கொடுக்க வந்த கார்த்திகேஷுக்கு வியப்பு.

"சென்னையில இருக்க வீட்டுக்காரரோட பேசத்தானேக்கா? செல்போனே போதுமே. இம்புட்டு வேகம் எதுக்கு?"

"வீடியோவுல பேசுறப்ப படம் பாதியில நின்னுபோகுது தம்பி. தனியார்ல கேட்டா நமக்குக் கட்டுபடியாகல."

"படம் நின்னா என்ன, குரல் கேக்கும்ல?"

அவள் இணைப்பு வந்ததும் கணவன் ராம்கியை வீடியோவில் அழைத்தாள்.

திரையில் வந்தவன் வாய் திறக்கவில்லை. அவன் விரல்கள் விறுவிறுவென்று அசைந்தன. அவளும் விரல்களாலேயே பதில் சொன்னாள். ராம்கிக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது என்பது கார்த்திகேஷுக்கு அப்போதுதான் புரிந்தது.

"என்னக்கா சொல்றாரு?" என்று தயங்கிக் கேட்டான்.

"சண்டை போடுறாரு தம்பி," என்று சிரித்தாள் நாகஜோதி. "அரைகுறையா நின்ன சண்டையெல்லாம் இன்னைக்குத்தான் முழுசா நடக்குது."